உருவம் வேறு, மதிப்பு ஒன்று



திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே அங்குள்ள பிள்ளைகள் வளர்கிறார்கள். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இருந்து கேட்கும் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஊர்ப்பெயரையும் தெருமொழியையும் மாற்றிக்கொண்டால் அது தங்கள் வீட்டு நிலையாகவே இருக்கும்.

அத்தகைய வீடொன்றின் சிறுமி, பதினோராம் வகுப்பு மாணவி, ஒரு மாலைப்பொழுதில் கணக்கு நோட்டும் கையுமாக நம்மிடம் வந்தாள். "மாமா, 'சுருக்குக' என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். எதுவரைக்கும் சுருக்குவது? விடை வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டாள். மூன்று முறை செய்து, மூன்று விதமான விடைகளைக் கண்டிருந்தாள். தனக்குக் கணக்கு வராது என்றும், அடுத்த ஆண்டு வேறு பாடம் எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள்.

நாம் கலைப் பட்டதாரி. மொழிபெயர்ப்பு நமது தொழில். அவள் வயதிலே, அதே போன்றதொரு மாலையில், அதே கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் கணக்கைக் கைவிட்டவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே அவளுக்கு விடை சொல்ல வேண்டியது ஒரு கடமையாகவே தோன்றியது. பழைய பாடத்தை நாம் மீண்டும் கற்றோம். அங்ஙனம் கற்றதில் சிலவற்றை இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் நலம்.

முதலில் சைன் என்பது யாது என்று காண்போம். ஒரு வட்டம் வரைந்து, அதன் ஒரு பகுதியை மட்டும் நோக்கினால் வளைந்த வில்லைப் போலத் தோன்றும். அவ்வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண் ஆகும். நம் நாட்டு வானநூலார் அந்நாணில் பாதியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஜ்யா என்றும் ஜீவா என்றும் பெயரிட்டனர். அரை நாண் என்பதே கருத்து. கோணம் வளர வளர அரை நாணும் வளரும். தொண்ணூறு பாகையில் அது வட்டத்தின் ஆரத்திற்குச் சமமாகும். அதற்கு மேல் வளர இடமில்லை. மையத்திலிருந்து அந்த அரை நாணின் அடிவரை உள்ள நீளத்திற்குக் கோடி என்று பெயர். இன்று சைன், கோசைன் என்று நாம் சொல்பவை, ஆரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்ட ஜ்யாவும் கோடியுமே.

சைன் என்னும் பெயர் வந்த வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு மிகவும் சுவையானது. ஜீவா என்ற சொல் அரபு நாட்டுக்குச் சென்று 'ஜீப' என்றாயிற்று. அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பிற்காலத்தில் அதைப் படித்தோர், தம் மொழியில் வழக்கிலிருந்த 'ஜைப்' என்னும் சொல்லாக அதைக் கொண்டனர். அச்சொல்லுக்கு ஆடையின் மடிப்பு, மார்பு என்றெல்லாம் பொருள். 12 ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் அப்பொருளையே பற்றிக்கொண்டு 'சைனஸ்' என்று எழுதினார்கள். வில்லின் நாண் ஆடையின் மடிப்பாகிவிட்டது. எனினும் கணக்குக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. பெயர் மாறியதேயன்றி, அது குறித்த நீளம் மாறவில்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இனி முற்றொருமை என்பது யாது? சாதாரணச் சமன்பாடு சில மதிப்புகளுக்கு மட்டும் உண்மையாகும். ஓர் எண்ணோடு மூன்றைக் கூட்டினால் ஐந்து என்றால், அவ்வெண் இரண்டு ஒன்றே. முற்றொருமையோ, அதன் இருபுறமும் பொருளுடையனவாக இருக்கும் எல்லாக் கோணங்களுக்கும் உண்மையாவது. இவற்றுள் முதன்மையானது, சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடினால் ஒன்று என்பது. அரை நாணும் கோடியும் ஆரமும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் ஆகின்றன அன்றோ? செங்கோண முக்கோணத்தில் இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும் என்ற பழைய விதியே இங்கு வேறு பெயரில் நிற்கிறது. கேரளத்துக் கணித அறிஞர்கள் இதனைப் புஜா-கோடி-கர்ண நியாயம் என்று வழங்கினார்கள்.

சிறுமியின் நோட்டில் இருந்த கணக்கை இப்போது எடுத்துக்கொள்வோம். டாஞ்சன்ட், கோட்டாஞ்சன்ட் இரண்டையும் கூட்டிச் சுருக்குக என்பது அது. டாஞ்சன்ட் என்பது சைனைக் கோசைனால் வகுத்தது. கோட்டாஞ்சன்ட் என்பது கோசைனைச் சைனால் வகுத்தது. இரு பின்னங்களையும் கூட்டும்போது, கீழே நிற்கும் பகுதி சைனும் கோசைனும் பெருக்கியதாகிறது. மேலே நிற்கும் தொகுதி சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூட்டியதாகிறது. முதல் முற்றொருமையின்படி அத்தொகுதி ஒன்று. ஆகவே விடை, ஒன்றைச் சைன், கோசைன் பெருக்கத்தால் வகுத்தது.

இது சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஏதேனும் ஒரு கோணத்தை இட்டுப் பார்க்கலாம். நாற்பத்தைந்து பாகையில் டாஞ்சன்ட் ஒன்று, கோட்டாஞ்சன்டும் ஒன்று. கூட்டினால் இரண்டு. அதே கோணத்தில் சைனும் கோசைனும் பெருக்கினால் அரை. ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு. இரண்டும் ஒத்துப் போகின்றன. ஒரு கோணத்தில் ஒத்துப்போவதால் மட்டும் ஒன்று முற்றொருமை என நிறுவப்பட்டதாகாது. ஆனால் ஒரே ஒரு கோணத்தில் ஒவ்வாமற் போனாலும் அது முற்றொருமை அன்று என்பது உறுதி. வீட்டிலிருந்தபடி பிள்ளைகளின் விடையைச் சோதிக்க விரும்பும் பெற்றோர், தமக்குத் திரிகோணமிதி மறந்துபோயிருந்தாலும், இச்சோதனையைக் கற்பித்துவிடலாம்.

எங்கே நிறுத்துவது என்று அவள் கேட்டாளே, அதற்கு விடை வேண்டும். அவ்விடையைத் தேடும்போது நாம் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே, நிளா நதியை ஒட்டிய நாட்டுக்கும், சில நூற்றாண்டுகளுக்கு முன்னும் செல்ல வேண்டியதாகிறது.

499 ஆம் ஆண்டில் ஆரியபடர் தம் நூலிலே ஓர் அரை நாண் பட்டியலை அமைத்தார். வட்டத்தின் சுற்றளவு 360 பாகை. ஒவ்வொரு பாகைக்கும் 60 கலை. ஆக 21,600 கலை. அத்தகைய வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 3,438 கலை. தொண்ணூறு பாகையை 24 கூறுகளாகப் பிரித்து, மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 அரை நாண்களை அவர் குறித்தார். அப்பட்டியலின்படி முப்பது பாகைக்கு 1,719. நாற்பத்தைந்து பாகைக்கு 2,431. அறுபது பாகைக்கு 2,978. ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் நிலையையும் கிரகணத்தையும் கணிக்க இப்பட்டியல் இன்றியமையாதது.

ஆனால் வானத்தில் கோள்கள் மூன்றே முக்கால் பாகைக்கு ஒருமுறை நின்று நின்று செல்வதில்லை. இரண்டு இலக்கங்களுக்கு இடைப்பட்ட கோணத்திற்கு அரை நாண் வேண்டுமானால் என் செய்வது? இரு கோணங்களின் அரை நாண்கள் தெரிந்திருந்தால், அவற்றின் தொகைக்குரிய அரை நாணைக் காணும் விதி வேண்டும்.

இங்கேதான் மாணவர் பலர் இடறி விழுகின்றனர். கோணங்களைக் கூட்டினால் சைன்களையும் கூட்டிவிடலாம் என்று எண்ணுகின்றனர். நம் சிறுமியின் மூன்று விடைகளுள் ஒன்று இத்தவற்றால் விளைந்தது. முப்பதும் அறுபதும் கூடினால் தொண்ணூறு. 1,719 உடன் 2,978 ஐக் கூட்டினால் 4,697. தொண்ணூறு பாகைக்குரிய அரை நாண் ஆரமாகிய 3,438 தானே? ஆரத்தைவிட நீண்ட அரை நாண் வட்டத்துக்குள் எவ்வாறு அடங்கும்? இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டவர்கள் அத்தவற்றை மீண்டும் செய்யமாட்டார்கள்.

உண்மையான விதி வேறு. ஒரு கோணத்தின் அரை நாணை மற்றதன் கோடியால் பெருக்க வேண்டும். மற்றதன் அரை நாணை முதற்கோணத்தின் கோடியால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி ஆரத்தால் வகுக்க வேண்டும். வேறுபாட்டிற்குக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும். இதன் கருத்து 2 ஆம் நூற்றாண்டில் தாலமியின் நூலிலே முழு நாண்களைக் கொண்டு சொல்லப்பட்டிருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அரை நாண்களைக் கொண்டே இதைக் கூறினார். 14 ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவர் இதனை ஒரு செய்யுளில் அமைத்தார் என்பதை அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜியின் நூலால் அறிகிறோம். அச்செய்யுளின் தொடக்கச் சொற்களைக் கொண்டு, 'ஜீவே பரஸ்பர நியாயம்' என்ற பெயர் இதற்கு வழங்கி வருகிறது.

சோதித்துப் பார்ப்போம். நாற்பத்தைந்தும் முப்பதும் கூடினால் எழுபத்தைந்து. நாற்பத்தைந்தின் அரை நாண் 2,431. அதன் கோடியும் 2,431. முப்பதின் அரை நாண் 1,719. அதன் கோடி, அறுபதின் அரை நாணாகிய 2,978. விதியின்படி 2,431 ஐ 2,978 ஆல் பெருக்கி, 2,431 ஐ 1,719 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். 2,431 இரண்டிலும் பொதுவாக இருப்பதால், அதனை 4,697 ஆல் ஒருமுறை பெருக்கினால் போதும். இந்தச் சிறு சுருக்கமே ஒரு பெருக்கலை மிச்சப்படுத்துகிறது. வருவது 1,14,18,407. இதை 3,438 ஆல் வகுத்தால் 3,321 சொச்சம். ஆரியபடரின் பட்டியலில் எழுபத்தைந்து பாகைக்கு உரிய இலக்கமும் 3,321 தான்.

ஓலையிலும் மணலிலும் சோழியிலும் கணக்கிட்டவர்களுக்கு ஒரு பெருக்கல் குறைந்தால் உழைப்பும் குறைந்தது. பிழைக்கு இடமும் குறைந்தது. அவர்கள் பயனுக்காகச் சுருக்கினார்கள். இதுவே நாம் சிறுமிக்குச் சொன்ன விடை. சுருக்குதலுக்குத் தனியாக ஒரு முடிவு கிடையாது. எதற்காகச் சுருக்குகிறோம் என்பது முடிவைத் தீர்மானிக்கிறது. அவளுடைய கணக்கையே பாருங்கள். இரு கோணங்களும் ஒன்றே எனக் கொண்டால், மாதவர் விதியின்படி இரட்டைக் கோணத்தின் சைன், சைன்-கோசைன் பெருக்கத்தைப் போல் இருமடங்கு. ஆகவே அவள் விடையை மேலும் சுருக்கி, இரண்டை இரட்டைக் கோணத்தின் சைனால் வகுத்தது என்றும் எழுதலாம். பட்டியலைப் பார்த்துக் கணக்கிடுபவருக்கு முந்திய வடிவில் இரண்டு இலக்கங்களைத் தேடிப் பெருக்கி, பின்பு வகுக்க வேண்டும். இவ்வடிவில் ஓர் இலக்கமும் ஒரு வகுத்தலும் போதும். அவளுக்குக் கிடைத்த மூன்று விடைகளுள் ஒன்றுதான் தவறு. ஏனைய இரண்டும் ஒரே மதிப்பின் இரு வடிவங்கள். அவள் அதை அறியாமல் இரண்டையும் அடித்து வைத்திருந்தாள்.

இவ்விதிகளை எல்லாம் காரணத்தோடு விளக்கும் நூலொன்றும் அதே மரபில் தோன்றியது. 1530 ஆம் ஆண்டையொட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷா அது. வடமொழிச் செய்யுளில் விதியை மட்டும் சொல்லிச் செல்லாமல், அது ஏன் உண்மை என்பதை நாட்டு மொழியிலே படிப்படியாக அவர் எடுத்துரைத்தார். இக்கணித மரபுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு இருந்தது. வாக்கிய முறைப் பஞ்சாங்கக் கணிதத்திற்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், தம் ஐயங்களை நீலகண்டருக்கு எழுதி விடை பெற்றார். அக்காலத்திலும் ஐயம் எழுந்தால் எல்லை கடந்து கேட்க அவர்கள் தயங்கவில்லை.

திருவனந்தபுரத்திற்கு இதில் உரிய பங்கு, அந்நூல்களைக் காத்து அச்சேற்றியது. 1905 இல் இந்நகரில் வடமொழி நூல் வரிசை ஒன்று தொடங்கிற்று. அதை நடத்திய தி. கணபதி சாஸ்திரியார் திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்து இங்கு வந்து வாழ்ந்தவர். பாசகவியின் நாடகங்களை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. அவருக்குப் பின்னும் தொடர்ந்த அவ்வரிசையிலே, ஆரியபடீயத்திற்கு நீலகண்டர் எழுதிய பாஷ்யம் 1930 முதல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அவருடைய தந்திரசங்கிரகம் 1958 இல் வெளிவந்தது. செங்கன்னூரில் பிறந்த கே. வி. சர்மா, யுக்திபாஷாவின் கணித, வானநூற் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2005 இல் அவர் மறைந்த பின்னர், 2008 இல் அது அச்சாயிற்று. நம் பிள்ளைகள் இன்று ஆங்கிலப் பெயரால் கற்கும் பாடம், இவர்கள் பாதுகாத்த ஓலைகளில் ஜீவா, கோடி என்ற பெயர்களால் இருந்தது.

சுருக்குவதில் ஓர் அபாயமும் உண்டு. சைன் வர்க்கத்தை, ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்ததால் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சைன் வர்க்கம் என்பது ஒன்றிலிருந்து கோசைன் வர்க்கத்தைக் கழித்தது. அதை இரு காரணிகளாகப் பிரிக்கலாம்: ஒன்று கழித்தல் கோசைன், ஒன்று கூட்டல் கோசைன். மேலும் கீழும் பொதுவாக உள்ளதை நீக்கினால், ஒன்று கூட்டல் கோசைன் என்ற எளிய விடை எஞ்சும். அறுபது பாகையை இட்டால் இரு வடிவங்களும் ஒன்றரையே தரும். ஆனால் சுழியம் பாகையை இட்டால் என்னவாகும்? எளிய வடிவம் இரண்டு என்கிறது. மூல வடிவத்திலோ மேலும் சுழியம், கீழும் சுழியம். அதற்கு அங்கே பொருளே இல்லை. நாம் நீக்கிய காரணி சுழியமாகும் இடம் அது. ஆகவே, 'கோசைன் ஒன்றாகும் கோணங்கள் நீங்கலாக' என்ற நிபந்தனையோடுதான் விடையை எழுத வேண்டும். விடை எளிதானதும் நிபந்தனை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. ஆனால் அது இல்லாமற் போய்விடுவதில்லை.

இதை நாம் நமது தொழிலில் நேரே கண்டிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தின் சுற்றறிக்கையை மொழிபெயர்க்கும் பணி நமக்குத் தரப்பட்டது. ஒரு படி வழங்குவது பற்றிய அறிக்கை அது. மூலத்தில் வாக்கியம் பத்து வரிக்கு நீண்டிருந்தது. படிப்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாம் அதைச் சுருக்கினோம். அப்போது 'தற்காலிகப் பணியாளர் நீங்கலாக' என்னும் தொடரும் நம் கையால் நீங்கிவிட்டது. அதைப் படித்துத் தற்காலிகப் பணியாளர் சிலர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் பணம் வந்துவிடும் என்று நம்பி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். விண்ணப்பங்கள் யாவும் திரும்பி வந்தன. அவர் நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "எழுதியிருந்ததைத்தானே சார் படித்தேன்" என்று மட்டும் சொன்னார். நாண் மடிப்பாக மாறியபோது பெயர்தான் பிழைத்தது, எவருக்கும் நட்டமில்லை. நாம் சுருக்கியபோது வாக்கியம் அழகாயிற்று, மதிப்பு மாறிவிட்டது.

இவையெல்லாம் சொல்லி முடித்தபின், சிறுமிக்கு நான்கு பழக்கங்களை எழுதிக் கொடுத்தோம். டாஞ்சன்ட் முதலியவற்றைச் சைனாகவும் கோசைனாகவும் மாற்றி எழுதிப் பார். ஒவ்வொரு படியிலும் எந்த முற்றொருமையால் அது வந்தது என்று ஓரத்தில் குறித்து வை. எதையேனும் வகுத்து நீக்கினால், அது சுழியமாகும் இடத்தை நீங்கலாக என்று எழுது. இறுதியில் ஒரு கோணத்தை இட்டுச் சோதி.

இரு வாரங்கள் கழித்து அவள் மீண்டும் வந்தாள். ஒன்றிலிருந்து கோசைன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் என்ன என்று கேட்டாள். சைன் என்று நாம் உடனே சொல்லிவிட்டோம். அவள் நோட்டைத் திறந்து, இருநூற்றுப் பத்து பாகையை இட்டுக் காட்டினாள். கோசைன் வர்க்கம் முக்கால். ஒன்றிலிருந்து கழித்தால் கால். அதன் வர்க்கமூலம் அரை. அதே கோணத்தில் சைனோ குறை அரை. "மாமா, சைன் குறையெண் ஆகும் கோணங்கள் நீங்கலாக என்று சொல்ல வேண்டும். நீங்கள் மறுபடியும் விட்டுவிட்டீர்கள்" என்றாள்.

விடையைத் திருத்திக்கொண்டோம். அடுத்த ஆண்டு எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று அவளிடம் நாம் கேட்கவில்லை. நோட்டில் அடுத்த பயிற்சியின் முதற்கணக்கை அவள் எழுதத் தொடங்கியிருந்தாள்.